துரியோதனன் தொடைக்கு எடுத்த அச்சு

பிளாஸ்டர் வேலைக்குப் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் தம்பிமார்களே, தங்கைமார்களே,

தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றி உங்களுக்கு ஏதேனும் எழுதித் தரவேண்டும் என்று உங்கள் மேலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். கையுறை அணிய வேண்டும், முகத்தில் துணி கட்ட வேண்டும் என்பவற்றை நீங்களே சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறீர்கள். அவற்றை நான் மறுபடி எழுதுவதால் பயனில்லை. நான் பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாதவன். கிருஷ்ணகிரி மலையடிவாரத்தில் கல் பிளக்கும் குடும்பத்தில் பிறந்தவன். எழுத்தையும் தொழிலையும் பிறர் செய்யக் கண்டு கற்றவன். ஆகையால் கண்ணால் கண்ட ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பிளாஸ்டர் மாவைப் பற்றிச் சில சொற்கள். ஜிப்சம் பார்வைக்கு உலர்ந்த கல். ஆனால் அதன் உள்ளே தண்ணீர் கட்டுண்டு கிடக்கிறது. அதைப் பொடித்து இரும்புச் சட்டியில் இட்டு, அடியில் மிதமாக எரித்தால், நெருப்பு அந்தத் தண்ணீரை அவிழ்த்து விடுகிறது. அப்போது உலர்ந்த பொடி பாலைப் போலக் கொதித்துப் பொங்கும். முதன்முறை அதைக் கண்டபோது கிளறும் துடுப்பைப் போட்டுவிட்டு ஓடினேன். கொதிப்பு அடங்கும் பதம் பார்த்து இறக்கினால், தண்ணீரில் முக்கால் பங்கு போய்க் கால் பங்கு நின்றிருக்கும். அதுவே நல்ல மாவு. பேராசைப்பட்டு மேலும் எரித்தால் நின்றதும் போய்விடும். அதைச் செத்த மாவு என்போம். அதில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் சேறாகவே கிடக்கும்.

நல்ல மாவு தாகத்தோடு காத்திருக்கிறது. தண்ணீரைக் கண்டதும் இழந்ததைத் திரும்பக் குடித்து மறுபடி கல்லாகிறது. அவ்வாறு கல்லாகும்போது, வறுபடுகையில் வாங்கிக்கொண்ட வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மெல்லிய பூச்சாக இருந்தால் அந்த வெப்பம் காற்றில் போய்விடும். கனத்த கட்டியாக இருந்தால் போக வழியின்றி நடுவிலேயே நிற்கும். இது உங்கள் புத்தகத்தில் இருக்கும். எங்களுக்கு இதை ஒரு மனிதனுடைய தொடை சொல்லிக்கொடுத்தது.

ஐம்பதுகளில், சூளகிரியைத் தாண்டிப் பெங்களூர் சாலை ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. திருச்சிப் பக்கத்திலிருந்து லாரியில் கல் வரும். நான் சட்டிக்காரன், அதாவது மாவு வறுப்பவன். உள்ளே அச்சுக்கூடத்தில் ஊறுகாய் ஜாடி செய்யும் ஆலைகளுக்காக அச்சு வார்த்தார்கள். அதற்குத் தலைவர் ஒரு மேஸ்திரி. அவருடைய பேரன்மார் இன்றும் இத்தொழிலில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. மரத்தாலான ஜாடி மாதிரியைப் பெட்டிக்குள் வைத்து, கரைத்த மாவைச் சுற்றிலும் ஊற்றி, அவர் எடுக்கும் அச்சில் ஒரு மயிரிழைப் பிசகும் இராது.

அவரிடம் மாவு கரைத்தவர் சென்னப்பா. கன்னடம் பேசும் குடும்பம். ஆனால் எங்கள் பக்கத்துப் பாரதக் கூத்தில் துரியோதனன் வேஷம் என்றால் அவர்தான். மூட்டை தூக்கும் கோவிந்தன் பீமன். அந்நாளில் ஓசூர்ச் சீமை மதராசோடு இருக்குமா, மைசூரோடு போகுமா என்பதே டீக்கடைகளில் பேச்சு. ஒருமுறை மேடையில் சென்னப்பாவின் வாயில் ஒரு கன்னடச் சொல் தவறி விழுந்துவிட்டது. மறுநாள் கோவிந்தன் கொட்டகை நடுவில் நின்றுகொண்டு, "யோவ் துரியோதனா, அஸ்தினாபுரம் மைசூர் சமஸ்தானத்துலயா இருந்துச்சு? சொல்லவேயில்லயே!" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம். மேஸ்திரி கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

சென்னப்பா சிரிக்கவில்லை. அன்றுமுதல் அவர் வாயிலிருந்து ஒரு கன்னடச் சொல்லும் வெளிவரவில்லை. அவர் மனைவி மாதம்மா ஊத்தங்கரைப் பெண், எங்களிடம் மாவு சலித்தவர். "தூக்கத்துல பொலம்பினாகூடத் தமிழ்தாங்க. அவ்வளவு ரோஷம்" என்று அவர் ஒருநாள் என்னிடம் சொன்னார். அந்தச் சொல் என் மனத்தில் தங்கியது. அது தங்கியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நான் விரும்பவில்லை.

எங்கள் பக்கத்தில் பாரதக் கூத்தின் கடைசி நாள் படுகளம். வெட்டவெளியில் துரியோதனனை மண்ணால் மல்லாந்து கிடக்கும் பேருருவாகச் செய்து, அதன் தொடைக்குள் குங்குமம் கரைத்த பானையைப் புதைத்து வைப்பார்கள். பீமன் கதையால் அந்த மண் தொடையை அடிப்பான். பானை உடைந்து செந்நீர் ஓடும். பக்கத்தில் நின்று துரியோதன வேஷக்காரர் அலறுவார். காலங்காலமாக உள்ள முறை இது.

மேஸ்திரிக்கு இது போதவில்லை.

"வருஷா வருஷம் பீமன் மண்ணத்தான் அடிக்கிறான்" என்றார் அவர். "ஜனங்க மண்ணு ஒடையறத பாத்துட்டு வடை வாங்கப் போயிடுறாங்க. இந்த வருஷம் சென்னப்பனையே அடிக்கட்டும்."

"என்னையா? கோவிந்தன் கைய பாத்திருக்கீங்களா மேஸ்திரி? கல்லு மூட்டை தூக்குற கை."

"ஒன் தொடைய அச்செடுத்து, அதுமேல கவுக்கிற மாதிரி ஒரு ஓடு வாக்கறேன். ஓட்டுக்கு அடியில ஆட்டு நீர்ப்பையில செவப்புத் தண்ணி. அவன் தட்டினா ஓடு ஒடையும், ரத்தம் பீச்சும். பொம்பளைங்க மயக்கம் போட்டு விழணும். கல்லாவிப் பக்கத்துக் கூத்துக்காரனுங்க வாயைப் பொளந்துக்கணும்."

சென்னப்பாவின் முகம் மலர்ந்ததை நான் கண்டேன். மண்ணுக்காக அலறி அலறி அவருக்கும் சலித்திருக்க வேண்டும்.

அமாவாசை நாளில் எங்களுக்கு வேலை இல்லை. அப்படி ஓர் அமாவாசைப் பிற்பகலில் கூத்துக்காரர்கள் ஒத்திகைக்காகக் கொட்டகையில் கூடினார்கள். நான் வெளியே புங்கமரத்தடியில் சட்டியில் ஒட்டியிருந்த காறையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். மாதம்மா பக்கத்தில் சல்லடையைத் தட்டிக்கொண்டிருந்தார். உள்ளே நடந்ததைப் பிறகு அவர்கள் வாயாலேயே கேட்டறிந்தேன்.

சென்னப்பாவைச் சாக்கு அடுக்கின்மேல் அமர்த்தி, ஒரு தொடையில் விளக்கெண்ணெய் தடவினார்கள். ஜாடிப் பெட்டியின் இரண்டு முனைப் பலகைகளிலும் பள்ளம் வெட்டி, தொடையைப் பெட்டிக்குள் கிடத்தினார்கள். முழங்காலுக்குக் கீழே கால் வெளியே இருந்தது. ஜாடிக்கு அச்செடுக்கையில் பாதி ஊற்றி, அது இறுகியபின் மறுபாதி ஊற்றுவார் மேஸ்திரி. அன்று அவர், "மரம் காத்திருக்கும், மனுஷன் காத்திருப்பானா? ஒரே ஊத்தா ஊத்தி, நூல் வச்சு அறுத்துக்கலாம்" என்று சொன்னாராம். தொடையின் இரு பக்கமும் நூல் கிடத்தி, மாவு இறுகுவதற்குச் சற்று முன் இழுத்தால் அச்சு இரண்டாகப் பிரிந்துவிடும் என்பது கணக்கு. சீக்கிரம் இறுகட்டும் என்று ஒரு பிடி உப்பையும் கரைசலில் போட்டார். நீங்கள் அறிவீர்கள், உப்பு மாவை விரைவுபடுத்தும். மாவோ நான் முந்தினநாள் வறுத்தது. குவியலின் உள்சூடு இன்னும் ஆறவில்லை.

மேஸ்திரி நூலை இழுப்பதற்குள் மாவு முந்திக்கொண்டது. நூல் அறுந்து கையோடு வந்தது.

"போகுது விடு" என்றார் மேஸ்திரி. "ஆறினதும் பொளந்துக்கலாம். சென்னப்பா, அசையாம இரு. அதுவரைக்கும் சாவு வசனத்த ஒருதரம் சொல்லேன், கேப்போம்."

சென்னப்பா வசனம் சொல்லத் தொடங்கினார். அந்தக் குரல் வெளியே எனக்கும் கேட்டது. நடுவில் அவர் தாழ்ந்த குரலில், "மேஸ்திரி, சுடுது" என்றாராம்.

"துரியோதனனுக்குச் சுடாம, குளிரவா செய்யும்?"

கோவிந்தன் பெட்டிமேல் கைவைத்துப் பார்த்தான். "வெதுவெதுன்னுதான்யா இருக்கு. எங்க ஊட்டுக் கொழந்த காய்ச்சலுக்கு இதவிடச் சூடா இருக்கும்."

சகோதரர்களே, இந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுகிறேன். அவன் பொய் சொல்லவில்லை. வெளிப்பலகை வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அத்தனை ஆண்டுகளாக எத்தனையோ அச்சுகளை நாங்கள் வெளியிலிருந்து மட்டுமே தொட்டுப் பார்த்திருந்தோம். உள்ளே இருந்தது எப்போதும் மரம். நடுவில் எவ்வளவு சூடு என்று மரம் எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"எரியுதே! என் தொடை எரியுதே!" என்று சென்னப்பா கத்தினார். அதுவும் துரியோதனன் சொல்லக்கூடிய சொல்தான். கைதட்டினார்கள். "சபாஷ்! படுகளத்துலயும் இப்பிடியே கத்து!" என்று ஒருவர் கூவினார். மிருதங்கக்காரர் தாளம்கூடப் போட்டார். எனக்கு அந்தத் தாளம் கேட்டது. சென்னப்பா இன்று நன்றாகச் செய்கிறார் என்று எண்ணிக்கொண்டே சுரண்டினேன்.

அதன்பின் அந்தக் குரல் வந்தது.

"உரீதைதே! அய்யோ, உரீதைதே! பிட்பிடீ! அம்மா, பிட்பிடீ!"

எரிகிறது, விட்டுவிடுங்கள் என்று பொருள். நம் பக்கத்தில் இது புரியாதவர் யாருமில்லை. உள்ளே இன்னும் இரண்டொருவர் சிரித்தார்கள். பழைய கேலிக்குத் தன்னைத்தானே வேடிக்கை செய்துகொள்கிறார் என்று நினைத்தார்களாம். எனக்கோ மாதம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. தூக்கத்திலும் பேசாத மொழியை ஒரு மனிதன் வேஷத்துக்காகப் பேசமாட்டான். சட்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். மாதம்மா எனக்கு முன்னே ஓடினார்.

சென்னப்பாவின் முகம் மாவின் நிறத்தில் இருந்தது. உதடு கடிபட்டு இரத்தம் வழிந்தது. மிருதங்கக்காரரின் கை தோலின்மேல் அப்படியே நின்றது.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கோவிந்தன் கல் உடைக்கும் சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒருவர் குடத்துத் தண்ணீரைப் பெட்டிமேல் கொட்டினார். மேஸ்திரி இரு கைகளையும் விரித்து, "தொடாதீங்க! ஆறட்டும். ஆறினா தானா கழண்டுக்கும்" என்றார். ஜாடியைப் பொறுத்தவரை அது சரியான சொல். சூட்டுக்கு மரம் வீங்காது. மனிதச் சதை வெந்தால் வீங்கும். வீங்க வீங்க அந்தக் கல் மேலும் இறுக்கும். ஆறும்வரை காத்திருந்தால் ஆறிய கல்லுக்குள் என்ன மிச்சம் இருக்கும்?

நான் சம்மட்டியைத் தடுத்தேன். மேலிருந்து அடித்தால் கல் உடையுமுன் எலும்பு உடையும். "பலகையப் பிரிங்க" என்று கத்தினேன். பலகைகள் போயின. வெள்ளைக் கட்டி மட்டும் நின்றது. விரல் நகத்தால் அழுத்திப் பார்த்தேன். பதிந்தது. இறுகிய புதிதில் அது ஈரக்கல்தான், முழுப் பலம் அப்போது அதற்கு இராது. காத்திருக்கும் ஒவ்வொரு கணமும் அந்தக் கல்லுக்கே உதவியாக இருந்தது.

எங்கள் குலத்தொழில் கைகொடுத்தது. பாறையைப் பிளப்பவர்கள் அதை அடித்து உடைப்பதில்லை. ஒரே கோட்டில் வரிசையாகக் குழியிட்டு, ஒவ்வொன்றிலும் ஆப்பு வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக மெல்லத் தட்டுவார்கள். பாறை தானாக வாய்திறக்கும். அச்சுக்கூடத்து உளியை எடுத்துக் கட்டியின் பக்கவாட்டில் ஒரு கோடு இழுத்தேன். மறுபக்கத்தில் கோவிந்தன் இழுத்தான். குழி எவ்வளவு ஆழம் போகலாம்? உள்ளே தொடை எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

"மாதம்மா, அவரையே கேளுங்க. உளி எங்க வருதுன்னு தெரியுதான்னு."

அவர் கேட்டார். சென்னப்பாவுக்கு அவர் சொல்வது எட்டவில்லை. "உரீதைதே, உரீதைதே" என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. எங்களைப் போலவே மாதம்மாவுக்கும் கன்னடம் காதில் புரியும், நாவில் வராது. கணவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

அப்போது மேஸ்திரி மண்டியிட்டார். சென்னப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹெதர்பேட சென்னப்பா, நானிதீனி, நானிதீனி" என்றார். பயப்படாதே, நான் இருக்கிறேன் என்று பொருள். தொடர்ந்து, உளி கிட்டே வந்தால் கையை அழுத்தும்படி தெளிவான கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். இத்தனை காலம் அந்தக் கேலிக்கெல்லாம் கண்ணில் நீர் வரச் சிரித்தவர். அவர் பிறந்த வீட்டு மொழியும் அதுதான் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நான் உளியைக் கையில் பிடித்தபடி திகைத்து நின்றுவிட்டேன்.

"என்னடா பாக்கற? வெட்டு!" என்று அவர் என்னை அதட்டினார்.

உளி அருகில் வரும்போது சென்னப்பா மேஸ்திரியின் கையை அழுத்துவார். மேஸ்திரி, "போதும், அடுத்தது" என்பார். அவ்வாறே குழி வரிசை முடிந்தது. மர ஆப்புகளை வைத்தோம். நான் ஒன்றைத் தட்ட, கோவிந்தன் மறுபக்கம் ஒன்றைத் தட்ட, மாறி மாறி மெல்லத் தட்டினோம். எந்தத் தொடையை உடைப்பதாகக் கோவிந்தன் மேடையில் ஆண்டுதோறும் சபதம் செய்தானோ, அந்தத் தொடைக்கு வலிக்காமல் தட்டவேண்டியிருந்தது. முதலில் கணீரென்று கேட்ட ஒலி மந்தமாக மாறியது. பிளவு விழும்போது பாறையும் அவ்வாறே ஒலிக்கும். விரிசல் ஓடியது. அதிலிருந்து ஆவி வந்தது. ஒரு மனிதனின் உடம்பைச் சுற்றி ஆவி எழுவதை நான் அன்று கண்டேன்.

விரிசலுக்குள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே மேல்பாதியைத் தூக்கினோம்.

எண்ணெய் நன்றாகப் படிந்த இடங்களில் தோல் சிவந்து கொப்பளித்திருந்தது. படியாத இடங்களில் தோல் எங்களோடு வந்துவிட்டது. இதற்குமேல் எழுத மாட்டேன்.

ஆனால் இன்னொன்றை எழுதியே தீரவேண்டும். தூக்கிய மேல்பாதி தரையில் மல்லாந்து கிடந்தது. அதில் சென்னப்பாவின் தொடை அப்படியே பதிந்திருந்தது. ஒவ்வொரு மயிர்க்காலும், ஒரு பழைய தழும்பும், புடைத்த நரம்பும் தெரிந்தன. அந்தக் கொட்டகையில் அதைவிடச் சிறந்த அச்சு எடுக்கப்பட்டதில்லை. மேஸ்திரியின் கண் அதன்மேல் விழுந்தது. நாள்தோறும் எதை முதலில் பார்ப்பாரோ அதைத்தான் பார்த்தார்.

"அச்சு நல்லா விழுந்திருக்கு" என்றது அவர் வாய்.

மறுகணம் அவர் தம் வாயைத் தாமே அறைந்துகொண்டார். மறுபடியும் மறுபடியும் அறைந்துகொண்டார். கோவிந்தன்தான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினான்.

கல் இறக்கிவிட்டு நின்றிருந்த லாரியில் சென்னப்பாவைக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் ஈரத்துணி மாற்றினோம். காலை எடுக்கவேண்டி வருமா, வராதா என்று டாக்டர் பல நாள் சொல்லவில்லை. மாதம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தார். கடைசியில் ஒருநாள் டாக்டர், "கால் நிற்கும். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நின்றிருக்காது" என்றார். அதைக் கேட்டு மேஸ்திரி வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

இவ்வளவு காலத்துக்குப் பிறகும் என்னைத் திகைக்க வைப்பது இதுதான். அறுந்த நூலைத் தவிர அன்று எதிலும் பழுதில்லை. மாவு செத்த மாவாக இருந்திருந்தால் வெறும் சேற்றைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். நான்தான் பதம் தவறாமல் வறுத்திருந்தேன். மேஸ்திரி குறையின்றி வார்த்தார். சென்னப்பா உண்மையைத்தான் சொன்னார், அதுவும் நமக்குப் புரியும் தமிழில், மறுபடியும் மறுபடியும் சொன்னார். அவருடைய குரலில் எங்களுக்கு வேஷம் மட்டுமே கேட்டது.

அதன்பின் எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. புதிதாக வருபவரிடம் மேஸ்திரி ஊரைக் கேட்பதில்லை, சாதியைக் கேட்பதில்லை. "ஒனக்கு வலிச்சா எந்த மொழியில கத்துவ?" என்று கேட்பார். வந்தவர் விழிப்பார். சிலர் சிரிப்பார்கள். மேஸ்திரி சிரிக்கமாட்டார். தெலுங்கு என்றால், சுடுகிறது, விடு, நிறுத்து என்ற மூன்றையும் அந்த மொழியில் கொட்டகை முழுவதும் கற்றுக்கொள்ளும்வரை வேலை தொடங்காது. இன்று உங்கள் அச்சுக்கூடத்தில் எந்தெந்த மாநிலத்துப் பிள்ளைகளோ நிற்கிறார்கள். நீங்களும் அவர்களைக் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

அந்த ஆண்டுக் கூத்தில் துரியோதனனாக வேறொருவர் நின்றார். மறுஆண்டு சென்னப்பா சற்றே காலை இழுத்தபடி படுகளத்துக்கு வந்தார். பழைய முறைப்படி மண் துரியோதனன் மல்லாந்து கிடந்தான். உச்சி வெயில். எங்கள் கொட்டகை ஆட்கள் அனைவரும் ஒரே இடத்தில் நின்றோம். மேஸ்திரி எங்களுக்குப் பின்னால் மறைந்து நின்றார்.

கோவிந்தன் கதையை ஓங்கினான். ஓங்கியபடியே நின்றான். அவன் பார்வை மண்மேல் இல்லை, சென்னப்பாவின்மேல் இருந்தது. கூட்டம் முணுமுணுத்தது.

"அடிடா, கை வலிக்கப்போவுது" என்று சென்னப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது முன்வரிசையில் இருந்த எங்களுக்குக் கேட்டது.

அடி விழுந்தது. பானை உடைந்து செந்நீர் மண்ணில் ஓடியது. சென்னப்பா வானத்தைப் பார்த்து அலறினார். ஊரே மெய்சிலிர்த்து அந்த அலறலைக் கேட்டது. நாங்கள் மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டு அது எந்த மொழி என்று காதைத் தீட்டினோம்.

"தமிழ்தான்" என்றார் மாதம்மா, என் முழங்கையை இறுகப் பிடித்தபடி. "தமிழ்லதான் கத்துறாரு."

எனக்குப் பின்னால் மேஸ்திரி அடக்கியிருந்த மூச்சை விட்ட ஒலி கேட்டது.